மீளவிட்டான் மிஸ்டு கால்

நம்ப முடியாதவர்கள் இத்தோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. தூத்துக்குடியில், போன வருஷம் ஜூன் ஒன்பதாம் தேதி தொடங்கி, செப்டம்பர் பதினெட்டாம் தேதி சாயங்காலம் ஆறு ஐம்பத்தெட்டுக்கு முடிந்தது. முடிந்துவிட்டது என்றுதான் ஈவாஞ்சலினும் நினைத்தாள்.

ஈவாஞ்சலின் கணக்கு டீச்சர். நாசரேத்துக்காரி. எதைச் சொன்னாலும் மணி, நிமிஷத்தோடு சொல்லுவாள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற ரகம். அப்படிப்பட்டவள் என் முன்னால் உட்கார்ந்து, கைவிரல்களைப் பிசைந்துகொண்டு சொன்னாள். அவள் சொன்ன நேரத்தில் ஒரு நிமிஷத்தைக்கூட நான் மாற்றவில்லை.

அவள் கணவர் நேசக்குமாருக்குத் திருநெல்வேலியில் வேலை. ஸீஸன் டிக்கெட் எடுத்துத் தினமும் பாசஞ்சரில் போய் வருகிறவர். பழைய வீடு ஊருக்குள் இருந்தது. ரயிலை விட்டு இறங்கி, டவுன் பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, வீடு சேர எட்டேகால் ஆகும். ஒரே மகள் ஜெபிஷா கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குப் போன பிறகு, தூத்துக்குடி மேலூர் ஸ்டேஷன் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள்.

புரோக்கர் பாண்டியராஜன் ஒரே நாளில் வீடு காட்டினார். மூன்றாவது மாடி. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பிளாட்பாரம் தெரியும். ஸ்டேஷனிலிருந்து ஆறு நிமிஷ நடை. எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்ததாம்.

"இவ்வளவு வசதியான வீடு எப்படிச் சும்மா கிடந்துச்சு?" என்று ஈவாஞ்சலின் கேட்டாள்.

"ரயில் சத்தம்னு சொல்லுதாவ டீச்சர்." பாண்டியராஜன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அடுக்களைச் சுவரில் ஒரு பழைய லேண்ட்லைன் போன் மாட்டியிருந்தது. மஞ்சள் பூத்துப்போன போன். ஒயரை யாரோ அறுத்திருந்தார்கள், ஒரு சாண் மட்டும் தொங்கியது. போனுக்கு மேலே ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது. பென்சிலில் 'வீடு' என்று எழுதி, கீழே நம்பர்.

"இதைக் கழட்டிரலாமே" என்றாள்.

"கிடந்துட்டுப் போகுது டீச்சர். ஆணியைப் பிடுங்கினா சுவர்ப் பூச்சு உதிர்ந்திரும்."

சரி என்று விட்டுவிட்டாள்.

அந்தப் பாசஞ்சரில் ஒரு பழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சாயங்காலம் ஆறு நாற்பத்தொன்றுக்கு வண்டி முந்தின ஸ்டேஷனான மீளவிட்டானை விட்டுக் கிளம்பும். கிளம்பியதும் பெட்டியில் இருக்கிற ஸீஸன் டிக்கெட்காரர்கள் எல்லாரும் போனை எடுப்பார்கள். வீட்டுக்கு ஒரே ஒரு ரிங். கட். வீட்டில் இருக்கிறவள் அதைக் கேட்டுத் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றுவாள். ஆறு ஐம்பதுக்கு மேலூர். இறங்கி நடந்து, கைகால் கழுவி உட்கார்ந்தால் முதல் தோசை தட்டில் விழும். இது பல வருஷத்துப் பழக்கம். அந்த ஒரு ரிங் கொடுக்கும்போது ஆண்கள் முகத்தில் ஒரு பெருமை வரும், பார்க்க வேண்டும். எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று நாலு பேர் முன்னால் காட்டிக்கொள்கிற பெருமை அது.

ஜூன் ஒன்பது, குடிவந்த அன்றைக்கே நேசக்குமார் கேட்டார். "ஏளா, இனி நானும் மிஸ்டு கால் குடுக்கலாம்லா?"

ஈவாஞ்சலினுக்கு டூவிபுரத்தில் டியூஷன். ஏழு இருபது வரைக்கும். "பிள்ளைங்க முன்னால போனை எடுத்து எடுத்துப் பார்த்தா மரியாதையா இருக்குமா? எனக்கு அடிக்காதீங்க. வந்து சுட்டுத் தாரேன்" என்றாள்.

"சரி" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை. அதற்காக அவள் அப்போது சந்தோஷப்பட்டாள்.

ஜூன் இருபது, வெள்ளிக்கிழமை. ஏழு முப்பத்தைந்துக்கு வீட்டுக்குள் நுழைந்தாள். தோசை மணம். சாதாரண மணம் இல்லை, நன்றாகப் பழகிய இரும்புக் கல்லில் நல்லெண்ணெய் விட்டு முறுகலாகச் சுட்டால் வருமே, அந்த மணம். அவளிடம் இரும்புக் கல்லே கிடையாது. மகள் வாங்கிக் கொடுத்த நான்ஸ்டிக்தான்.

எதிர்வீட்டிலிருந்து வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"வாங்க, மாவு எடுக்கட்டா?"

"பசி இல்லளா. நீ சாப்பிடு."

மறுவாரமும் அதே பதில்தான். ஜூன் இருபத்தேழாம் தேதி அடுப்பைத் துடைக்கக் கை வைத்தவள் 'ஸ்ஸ்' என்று கையை உதறினாள். பர்னர் கொதித்தது.

"டீ போட்டேன்" என்றார் நேசக்குமார். கழுவும் தொட்டியில் ஒரு டம்ளர்கூட இல்லை. பால் பாக்கெட்டும் பிரிக்காமல் இருந்தது.

ஜூலை நான்கு. அவருடைய நீலச் சட்டையில் அறுந்திருந்த பித்தான் தைக்கப்பட்டிருந்தது. நன்றாக, நெருக்கமாக, கறுப்பு நூலில். தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று மூன்று வாரமாக ஈவாஞ்சலின் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பித்தான் அது. அவள் தையல் டப்பாவில் வெள்ளை நூல் மட்டும்தான் உண்டு.

கணக்கு டீச்சர் இல்லையா, கூட்டிப் பார்த்துவிட்டாள். விடை எதிர்வீட்டில் இருந்தது.

எதிர்வீட்டில் ஷெர்லின் தனியாக இருந்தாள். அவளும் மார்ச்சில்தான் குடிவந்தவள். பெரியதாழைக்காரி. முப்பது வயது. நல்ல உயரம், சிரித்தால் கன்னத்தில் குழி விழும். கணவன் கப்பலுக்குப் போனவன், ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவான். ஈவாஞ்சலினுக்கு நாற்பத்திரண்டு. மாடி ஏறினால் முழங்கால் வலிக்கும், நாள் முழுக்கக் கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிருக்கும். குடிவந்த அன்று ஷெர்லின் ஒரு பிளாஸ்கில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். நேசக்குமார் அதைக் குடித்துவிட்டு, "டீ நல்லாருக்கும்மா" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தை ஈவாஞ்சலின் மறக்கவே இல்லை.

ஜூலை பதினொன்று. ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிற சுடலைச்செல்வி ஸ்கூட்டியை மறித்தாள்.

"ஏ டீச்சர்! சார் தினம் ரெண்டு முழம் பிச்சி வாங்கிட்டுப் போறாவ. உங்க தலையில ஒரு நாளும் காணலையே?"

ஈவாஞ்சலினுக்குக் காது இரண்டும் கொதித்தது. "எனக்குப் பூ வச்சா தலைவலிக்கும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். வீடு வந்து அறை அறையாகத் தேடினாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். வீட்டில் ஒரு பூ இதழ் இல்லை. அப்படியானால் அந்தப் பூ யார் தலையில் இருக்கிறது? பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு என்று அவர் வாங்கி வந்த பூவை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

நேரடியாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடித்து, ஒரே கேள்வியில் ஆளைக் கவிழ்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தாள். காத்திருக்கக் காத்திருக்கப் பொறாமை வளர்ந்தது. ராத்திரி அவர் நிம்மதியாகத் தூங்குவதைப் பார்த்தால் வயிறு எரிந்தது. குளிக்கும்போது பாட்டு முணுமுணுத்தால் எரிந்தது. ஷெர்லின் படியில் எதிர்ப்பட்டு "அக்கா" என்றால், பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

ஆகஸ்டில் அவர் மெலிந்தார். கண்ணுக்குத் தெரிகிற மெலிவு. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டார். பத்து நாளில் இன்னொன்று போட்டார். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு தெரிந்தது. ஆனால் முகத்தில் ஒரு களை.

வேறு மனைவி என்றால் பயந்திருப்பாள். ஈவாஞ்சலினுக்குப் பயம் வரவில்லை. "எவளுக்காக இப்படி உடம்பைக் குறைக்காரு?" என்றுதான் தோன்றியது.

ஆகஸ்ட் பதினெட்டு, திங்கட்கிழமை. அவள் ஒரு காரியம் செய்தாள். காலையில் அவருக்கு இட்லி வைக்கவில்லை. மதியச் சாப்பாடு கட்டவில்லை. எங்கே ருசியாகக் கிடைக்கிறதோ அங்கேயே தின்னட்டும் என்று அவருக்கு உலை வைப்பதையே நிறுத்திவிட்டாள். சண்டை போடுவார், கேட்பார், அப்போது பிடித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு.

அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிபன் பாக்ஸ் இல்லாத பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தபடி ரயிலுக்குப் போனார்.

அப்படியே ஒரு மாதம்.

செப்டம்பர் பதினேழு, புதன்கிழமை, காலை ஏழு பத்து. அவர் ஸ்டேஷனுக்கு இறங்கிப் போனதும் ஈவாஞ்சலின் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். ஷெர்லின் திறந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"என் புருஷனுக்குச் சோறு போடுததுக்கு நான் இருக்கேன். நீ ஒண்ணும் சுட்டு நீட்ட வேண்டாம்."

ஷெர்லின் விழித்தாள். "என்னக்கா சொல்லுதீய?"

"நடிக்காதளா! தினம் தோசை மணம் இந்த மாடியையே தூக்குது."

"அக்கா... அது உங்க வீட்டு மணம்லா?"

ஷெர்லின் தன் அடுக்களையைக் கைகாட்டினாள்.

"நான் தனி ஆளு. ராத்திரிக்கு ரெண்டு ரொட்டித்துண்டைக் கடிச்சிட்டுப் படுத்துருவேன். எங்க வீட்ல தோசைக்கல் அடுப்பேறி அஞ்சு மாசம் ஆச்சு." ஷெர்லினுக்குக் கண் கலங்கியது. "உண்மையச் சொல்லட்டாக்கா? உங்க மேலதான் எனக்குப் பொறாமை. ஏழு மணிக்கு நீங்களும் அண்ணனும் சிரிச்சுப் பேசுத சத்தம் இங்கன கேக்கும். எங்க வீட்டுக்காரவுக கடல்ல கிடக்காவ. அந்தச் சத்தத்தைக் கேக்க முடியாம டிவியைச் சத்தமா வச்சிருவேன்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு மணிக்குக்கா."

"நான் வீட்டுக்கு வரதே ஏழு முப்பத்தஞ்சுக்கு, ஷெர்லின்."

இருவரும் எதிரே ஈவாஞ்சலின் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மறுநாள், செப்டம்பர் பதினெட்டு. ஈவாஞ்சலின் டியூஷனுக்கு லீவு சொல்லிவிட்டாள். ஆறு முப்பதுக்குத் தன் வீட்டுக் கதவைச் சாவி போட்டுப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். உள்ளே யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில் என்று எல்லா இடத்தையும் பார்த்துவிட்டுத்தான் பூட்டினாள். சாவி அவள் கைக்குள் இருந்தது. இன்னொரு சாவி நேசக்குமாரிடம், ரயிலில்.

ஷெர்லின் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கதவில் ஒரு கண்ணாடித் துளை இருந்தது. ஈவாஞ்சலின் அதில் கண்ணை வைத்தாள். ஷெர்லின் அவள் பக்கத்தில் கதவில் காதை வைத்துக்கொண்டாள்.

எவளோ ஒருத்தி படியேறி வருவாள். கள்ளச்சாவி வைத்திருப்பாள். பிடித்து, மயிரைப் பிடித்து இழுத்து, மூன்று மாடியும் உருட்டி விட வேண்டும். இப்படித்தான் ஈவாஞ்சலின் நினைத்துக்கொண்டிருந்தாள்.

படியில் யாரும் வரவில்லை.

ஆறு நாற்பத்தொன்று. தூரத்தில் ரயில் ஊதியது.

ஆறு நாற்பத்திரண்டு.

ட்ரிங்...

பூட்டிய வீட்டுக்குள் போன் அடித்தது. ஒரே ஒரு ரிங். கட்.

"அக்கா..." ஷெர்லின் அவள் கையைப் பிடித்தாள். "உங்க வீட்ல லேண்ட்லைன் இருக்கா?"

"ஒயர் கிடையாது."

உள்ளே செருப்புச் சத்தம் கேட்டது. சரக்... சரக்... அறையிலிருந்து அடுக்களைக்கு. அவசரம் இல்லாத நடை. அந்த வீட்டில் வெகுநாள் இருந்தவளின் நடை.

டிக்... டிக்... டப்.

அடுப்பு பற்றிக்கொண்டது.

ஆறு ஐம்பது. ரயில் வந்து நின்றது. கட்டிடம் லேசாக அதிர்ந்தது.

ஆறு ஐம்பத்திரண்டு. இரும்புக் கல்லில் தண்ணீர் தெளிக்கிற சத்தம். 'சுர்ர்ர்...'

மணம் வந்தது.

ஆறு ஐம்பத்தாறு. படியில் நேசக்குமார்.

கையில் வாழையிலைப் பொட்டலம். பூ. சாவியை அவர் எடுக்கவே இல்லை. கதவுக்கு முன்னால் நின்று, கையால் தலையை வாரிக்கொண்டார். சட்டைக் காலரை நேராக்கினார். ஈவாஞ்சலினிடம் வருவதற்கு அவர் ஒரு நாளும் தலை வாரியதில்லை.

இரண்டு தட்டு தட்டினார்.

கதவு திறந்தது.

உள்ளிருந்து திறந்தது.

உள்ளே விளக்கு இல்லை. வெறும் இருட்டு. நேசக்குமார் பொட்டலத்தை அந்த இருட்டுக்குள் நீட்டினார்...

இருட்டு அதை வாங்கிக்கொண்டது.

அவர் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவருடைய சிரிப்புச் சத்தம். அதற்குப் பிறகு இன்னொரு சிரிப்பு. மெல்லிய, அடங்கிய சிரிப்பு.

ஷெர்லின் சிலுவை போட்டுக்கொண்டாள். "போகாதீங்கக்கா. மாதாவே... போகாதீங்க."

பயம்தான் வந்திருக்க வேண்டும். ஈவாஞ்சலினுக்கு வந்தது ஆத்திரம். இதை அவளே என்னிடம் சொன்னாள். "பேயா, பொம்பளையான்னு நான் யோசிக்கவே இல்ல. அவ சிரிச்சா. அவரு கூடச் சிரிச்சாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சுது."

ஆறு ஐம்பத்தேழு. சாவியைப் போட்டுத் திருகினாள். கதவைத் தள்ளினாள்.

சாப்பாட்டு மேஜை. நேசக்குமார் உட்கார்ந்திருந்தார். முன்னால் தட்டு.

தட்டில் ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லாத தட்டிலிருந்து பிய்த்தார்... தொட்டார்... வாயில் வைத்தார்... மென்றார்.

விழுங்கினார்.

ஈவாஞ்சலினைப் பார்த்தார். பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"வந்துட்டா."

அடுக்களையில் சத்தம் நின்றது.

ஈவாஞ்சலின் நடந்தாள். எட்டுக் காலடி. எண்ணினாளாம்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே இரும்புக் கல். அவள் வாங்காத கல். கல்லில் மாவு இல்லை.

ஆனால்...

'ஸ்ஸ்ஸ்ஸ்...'

யாரும் இல்லை.

போனின் ரிசீவர் கீழே தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு குரல்.

பக்கத்து வீட்டுப் பெண் பேசுகிற மாதிரி.

"உக்காரு... உனக்கும் ஊத்துதேன்."

ஈவாஞ்சலின் அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏளா! யாருளா நீ? இது என் அடுப்பு! அவரு என் புருஷன்! வெளிய போ!"

கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

ஆறு ஐம்பத்தெட்டு.

எல்லாச் சத்தமும் நின்றது.

பின்னால் 'தொம்' என்று ஒரு சத்தம் கேட்டது. நேசக்குமார் நாற்காலியோடு கீழே விழுந்து கிடந்தார்.

ஷெர்லின்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்தாள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஜூனில் எழுபத்தாறு கிலோ இருந்த மனிதர் ஐம்பத்தேழு கிலோ காட்டினார். டாக்டர் ஈவாஞ்சலினைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவர் உண்ணாவிரதம் ஏதாவது இருக்காரா? வயித்துல வெறும் தண்ணிதான் இருக்கு. ஒரு மாசமா உருப்படியா எதுவும் சாப்பிடலை."

ஒரு மாதம். அவள் உலை வைப்பதை நிறுத்திய ஒரு மாதம். இன்னொருத்தி சாப்பாடு போடுகிறாள் என்ற பொறாமையில், அவருக்கு உண்மையிலேயே சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் கையை இழுத்துக்கொண்டாள். அந்த வராந்தாவில் உட்கார்ந்து அழுதபோது, ஒரு பக்கம் அவர்மேல் பரிதாபம், இன்னொரு பக்கம் தன்மேலேயே வெறுப்பு. அப்போதும் அந்தச் சிரிப்பு காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

நாலாம் நாள் அவர் பேசினார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது.

"வண்டில எல்லாரும் மிஸ்டு கால் குடுத்தாங்க. கூட வார ஜெரால்டு கேட்டாரு, 'ஏன் மாப்ள, உமக்கு அடிக்க ஆள் இல்லையோ'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் கூசிப் போச்சு. சும்மா காட்டுததுக்காகச் சுவத்துல இருந்த அந்த நம்பரை அடிச்சேன். ஒயர் இல்லாத போன்தானன்னு..."

"ம்."

"அடிச்சதும் எடுத்துட்டா. 'தோசையா, இட்லியா'ன்னு கேட்டா."

ஈவாஞ்சலின் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்னு நினைச்சீங்களா?"

நேசக்குமார் மின்விசிறியைப் பார்த்தார்.

"இல்ல. நீ இல்லன்னு தெரியும். முதல் நாளே தெரியும்."

பிடித்திருந்த கையை ஈவாஞ்சலின் விட்டுவிட்டாள்.

அந்த வீட்டுக்கு அவர்கள் திரும்பிப் போகவில்லை. சாமான் எடுக்க ஷெர்லின் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். அடுக்களையில் இரும்புக் கல் எதுவும் இல்லை என்று சொன்னாள். ரிசீவர் ஒழுங்காகப் போன் மேலேயே இருந்ததாம். அடுத்த வாரமே ஷெர்லினும் வீட்டைக் காலி செய்துகொண்டு பெரியதாழைக்குப் போய்விட்டாள். ஈவாஞ்சலின் ஊருக்குள் வேறு வீடு பார்த்தாள், டியூஷனை விட்டாள். சாயங்காலம் நாலரைக்கே வீட்டில் இருந்தாள். நேசக்குமார் பஸ்ஸில் போய் வந்தார், போட்டதைச் சாப்பிட்டார். நவம்பருக்குள் பத்து கிலோ ஏறினார்.

நவம்பர் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. ஏழு மணி இருக்கும். ரயில் சிநேகிதர் ஜெரால்டு பார்க்க வந்தார். ஈவாஞ்சலினைத் தங்கச்சி என்று கூப்பிடுகிற உரிமைக்காரர். இருவருக்கும் தோசை வைத்தாள். ஜெரால்டு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தயங்கினார்.

"தங்கச்சி, நேத்து பாண்டியராஜனைப் பார்த்தேன். நீங்க இருந்தது எந்த வீடுன்னு அப்பதான் தெரிஞ்சுது. முன்னாலயே தெரிஞ்சிருந்தா விட்டுருக்க மாட்டேன்."

"அங்கன இருந்த பொம்பளை யாருண்ணே? எப்படிச் செத்தா?"

"அங்கன பொம்பளையே இருந்ததில்ல தங்கச்சி. கட்டிடம் கட்டினதுல இருந்து அந்த வீட்ல இருந்தது ஒரே ஆளுதான். மகாராஜன்னு பேரு. விளாத்திகுளம் பக்கம். மாப்ள எங்க பெட்டிக்கு வரதுக்கு முந்தி, எங்க கூடத்தான் வண்டியில வருவான்."

ஜெரால்டு தண்ணீர் குடித்தார்.

"அவனும் தினம் மிஸ்டு கால் குடுப்பான். 'வீட்ல சொல்லிட்டேன்'ம்பான். நாங்களும் பொண்டாட்டி இருக்கான்னு நினைச்சோம். செத்த பிறகுதான் தெரியுது, அவனுக்குக் கல்யாணமே ஆகல. எங்களை மாதிரி அடிக்கணும்னு ஆசைப்பட்டு, அதுக்காகவே லேண்ட்லைன் வாங்கி வச்சிருக்கான். பூட்டிக் கிடக்க வீட்டுக்கு ஒண்ணரை வருஷம் மிஸ்டு கால் குடுத்திருக்கான், பாத்துக்கோ."

"அப்புறம்?"

"ஒரு நாள் பெட்டியில இருந்த எல்லாருக்கும் இனிப்பு, மக்ரூன் வாங்கிக் குடுத்தான். 'இன்னைக்கு வீட்ல எடுத்துட்டாவ'ன்னான். பொண்டாட்டி போன் எடுத்ததுக்கு எவனாவது மக்ரூன் குடுப்பானான்னு நாங்க சிரிச்சோம். அஞ்சு மாசத்துல ஆளு எலும்பாயிட்டான். வேலைக்கு வரலைன்னு கதவை உடைச்சுப் பார்த்தா, மேஜைல உட்காந்தபடி செத்துக் கிடக்கான். முன்னால காலித் தட்டு. பில் கட்டாம லைனை அறுத்தே ரெண்டு மாசம் ஆயிருக்கு. அவன் போன்ல பார்த்தா, சாகுததுக்கு முந்தின நாள் வரைக்கும் அந்த நம்பருக்கு அடிச்சிருக்கான்."

ஈவாஞ்சலின் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

நேசக்குமார் இவ்வளவு நேரமும் தலை குனிந்தே கேட்டுக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார். தாடை இறுகியிருந்தது.

"அவன்கிட்டயும் சிரிச்சுப் பேசுவாளாமா?" என்று கேட்டார்.

அவர் குரலில் பயம் இல்லை. செத்துப்போன மகாராஜன் மேல் அவருக்கு வயிறு எரிந்தது. இரண்டரை மாதம் அதே எரிச்சலோடு கிடந்த ஈவாஞ்சலினுக்கு அதை அடையாளம் கண்டுகொள்ள ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவள் சுட்டு வைத்த தோசை அவர் தட்டில் தொடாமல் கிடந்தது.